ஏழாவது வரிசை

உச்சி வெயிலில் தொழிலாளர் அதிகாரியின் ஜீப் பண்ணை வாசலில் வந்து நின்றது. புகார் சொன்னது நான்தான். கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று, நாள் தவறாமல் போன் போட்டு வரவழைத்த மனிதர்.

என் தம்பி செத்துப் பதினாறு நாள். தக்காளிக் கூடாரத்தில் மருந்தடித்தால் இரண்டு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். ஒரு மணி நேரத்திலேயே அவனை ஏழாவது வரிசையில் பறிக்க விட்டார்கள். நுரை தள்ளி விழுந்து மூச்சடங்கியவனை வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் அந்த சூப்பர்வைசர், கல்லுளிமங்கன், "உன் தம்பி ஓடிப்போயிட்டான்" என்றான். உடம்பு எங்கே என்று மட்டும் தெரிந்தால் போதும். அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.

பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அனல் தகித்தது. அதிகாரி எங்களை நிறுத்தி, குறை ஏதும் உண்டா என்று கேட்டார். மற்ற ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். கடல் கடந்து வேலைக்கு வந்த எங்கள் எல்லார் பாஸ்போர்ட்டும் சூப்பர்வைசர் பீரோவில் கிடக்கிறது. அவர்களைத் திட்டி என்ன பயன்?

"எனக்கு இருக்கு சார்! என் தம்பியக் கொன்னுட்டாங்க!"

அதிகாரி சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய் சார். அவன் ஓடிப்போ..."

டப்.

ஏழாவது வரிசையில், கூடைக்குள் பழம் விழும் சத்தம்.

இன்னொன்று.

செடிகளுக்கு அடியில் இரண்டு ரப்பர் பூட்ஸ் தெரிந்தன. இடது பூட்ஸில் தம்பிக்கு நான் ஒட்டிக் கொடுத்த சைக்கிள் டியூப் ஒட்டு.

"அங்க யாருப்பா?" அதிகாரி காலெடுத்து வைத்தார்.

"உள்ள போகாதீங்க சார், மருந்தடிச்சிருக்கு!" சூப்பர்வைசர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் சார்."

என் தம்பியின் குரல். ஐயோ, அதே குரல்.

"நீ செத்துட்டேன்னு உங்க அக்கா அழுறாங்க. உனக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?"

உள்ளே நெடுநேரம் இருமல் கேட்டது.

"ஒண்ணும் இல்ல சார்."

"டேய்! உன்ன எங்க போட்டாங்கன்னு சொல்லுடா! பயப்படாம சொல்லுடா!" தொண்டை கிழியக் கத்தினேன். அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெயில்ல புத்தி குழம்பிப்போயிருக்காங்க. தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். ஜீப் கிளம்பிப் போயே விட்டது.

வரிசைக்குள் ஓடினேன். யாரும் இல்லை. ஈரக் கூடை நிறையப் பழம் இருந்தது.

காதோரம் மருந்து நெடியுடன் ஒரு மூச்சு.

"அக்கா... நான் சரியாத்தானே சொன்னேன்? இனிமே பாஸ்போர்ட்டக் குடுத்துடுவாங்கள்ல?"

எனக்கு அழக்கூட வரவில்லை. கண்ணெதிரே அடுத்த செடியின் கிளை தானாக வளைந்தது. பழம் ஒன்று காம்பை விட்டுக் கழன்றது.