ஒன்பது மோட்டாரும் ஒரு நடையும்

கலைமதிக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் அடங்கவே இல்லை. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. அதற்குள் விரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புச் சில்லு ஒன்று. அதுதான் பெட்டியின் மூளையாம். அக்கா சசிகலா லேப்டாப்பில் தட்டுகிற எழுத்துகள் வயர் வழியாக அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். கரண்ட் வந்ததும் அதுவே கிணற்று மோட்டாரைப் போட்டுவிடுமாம்.

"உள்ள யாராவது ஒளிஞ்சிருக்காங்களாக்கா?" என்று அவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் கேட்கிற கேள்வியா இது என்று அப்பா மாது சிரித்தார். சிரித்தாரே தவிர, அவரும் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

சசிகலாவுக்கு ஓசூரில் வேலை. இயந்திரங்களுக்கு ப்ரோகிராம் எழுதுகிற வேலை. லீவில் ஏரியூர்ப் பக்கத்திலிருக்கும் ஊருக்கு வந்தவள், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒன்பது பெட்டிகள் செய்திருந்தாள். அவர்கள் தோட்டக்காட்டில் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒன்பது கிணறுகளுக்குக் கரண்ட் போகிறது. கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் கிணற்றுக்கு நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும்.

அதில் அதிகம் கஷ்டப்பட்டவர் தீர்த்தம்மாள் பெரியம்மாதான். அவர் கிணறு எல்லாவற்றுக்கும் கடைசியில், கரட்டுக் குன்றின் சரிவில் இருந்தது. போன தை மாதம் வரப்பில் விழுந்ததிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். அவர் போய்ச் சேர்வதற்குள் சில நாள் கரண்டே போய்விடும். இப்போது தக்காளி நாற்று நட்டிருந்தார். மழையும் ஏமாற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது பெட்டிகளும் மாட்டியாயிற்று. ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்பது மோட்டாரும் உறுமின. எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். அதற்குள் டிரான்ஸ்பார்மரில் 'டப்' என்று ஒரு சத்தம். ப்யூஸ் கம்பி கருகி விழுந்தது. தூக்கிய கைகள் அப்படியே தலைக்குப் போயின.

லைன்மேன் வந்து கம்பி கட்டுவதற்கு மாலையாகிவிட்டது. சசிகலா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தள்ளுவண்டியை முதல் தள்ளு தள்ளத்தான் நிறைய பலம் வேண்டும், உருண்டுவிட்டால் லேசு. மோட்டாரும் அப்படித்தான், கிளம்பும்போது கரண்டை மடமடவென்று குடிக்கும். ஒன்பதும் ஒன்றாகக் குடித்தால் கம்பி என்ன செய்யும்? கொஞ்சம் பொறுத்துக் கிளம்பட்டும் என்று, பத்து வினாடி காத்திருக்கும்படி ப்ரோகிராமில் எழுதி ஒன்பது பெட்டிக்கும் ஏற்றினாள்.

சனிக்கிழமை கரண்ட் வந்தது. பெட்டிகள் பொறுமையாகக் காத்திருந்தன. கலைமதி வாய்விட்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. ஒன்பது மோட்டாரும் ஒரே நொடியில் உறுமின. மறுபடியும் 'டப்'.

பக்கத்துக் காட்டுக் குப்புராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "பாரு சசி, ரெண்டு நாளா செடிக்குத் தண்ணியில்ல. நாளைக்கு நாங்க கையாலயே போட்டுக்கறோம். திங்கக்கிழமை ஒரு தடவ பாப்பம். அப்பவும் பீஸ் போச்சுன்னா பெட்டிய எல்லாம் கழட்டிடும்மா" என்றார்.

சசிகலா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் லேப்டாப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவளாகவே யோசித்துச் செய்த முதல் வேலை அது. அக்காவின் கண் கலங்கியது கலைமதிக்குக் கவலையாக இருந்தது. பெட்டியைக் கழற்றினால் தீர்த்தம்மாள் பெரியம்மா மறுபடி நடக்க வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

சனிக்கிழமை மாலையே லைன்மேன் மறுபடி கம்பி கட்டிவிட்டார், பெட்டிகளையும் அணைத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கலைமதி மேட்டில் இருந்த புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஒன்பது கிணறும் தெரியும்.

பம்புசெட் கொட்டகைகளில் பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. அப்பாவின் கிணறு வீட்டை ஒட்டியே இருந்ததால் அவர்தான் முதலில் மோட்டாரைப் போட்டார். இன்னொரு கிணற்றுக்காரர் பெரியநாயகம் மாமா போனில் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு முடிகிறவரை கொட்டகை வாசலில் நின்றுவிட்டுப் பிறகுதான் உள்ளே போனார். குப்புராஜ் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களியைப் பாதியில் விட்டு எழ அவரால் ஆகாது. கடைசி உருண்டையையும் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கி, கை கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கிளம்பினார். எல்லோருக்கும் கடைசியில், சரிவில் ஒரு புள்ளியாகத் தீர்த்தம்மாள் பெரியம்மா காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மோட்டாரும் ஓடின. டிரான்ஸ்பார்மர் 'டப்' என்று சொல்லவே இல்லை.

கலைமதிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடமாக இந்த டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியது யார்? குப்புராஜ் மாமாவின் களி உருண்டை. பெரியநாயகம் மாமாவின் போன் பேச்சு. யாருக்கும் தெரியாமலே நடந்த காவல் அது. அவள் எழுந்து ஓட்டமாக ஓடினாள்.

"அக்கா, உன் பெட்டிங்க எல்லாமே ஒண்ணாவே பத்து எண்ணுதுங்க. மனுசங்க அப்பிடி வர்றதில்லக்கா. ஒருத்தர் முன்ன வர்றாங்க, ஒருத்தர் பின்ன வர்றாங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

சசிகலா நிமிர்ந்தாள். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். ஒன்பது பெட்டிக்கும் ஒரே காத்திருப்பைக் கொடுத்தால், காத்திருந்து ஒன்றாகத்தானே கிளம்பும்? இது தெரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே என்று சிரித்தாள். அக்கா சிரித்ததைப் பார்த்துக் கலைமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்படியானால் ஒன்பது ப்ரோகிராம் எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். ஒன்பது எழுதினா, ஒரு தப்ப ஒன்பது எடத்துல திருத்தணும். நான் எட்டத் திருத்திட்டு ஒன்ன மறந்துடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? ப்ரோகிராம் ஒன்னுதான். எவ்ளோ நேரம் காத்திருக்கணும்கிற நம்பர் மட்டும் பெட்டிக்குப் பெட்டி வேற" என்றாள் சசிகலா. அந்த நம்பருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், பெயரைப் படித்தாலே அது எதற்கு என்று விளங்க வேண்டும் என்றும் சொன்னாள்.

கலைமதி யோசிக்கவே இல்லை. "நடை" என்றாள்.

சசிகலா அதை ஆங்கில எழுத்தில் தட்டினாள். தான் வாயால் சொன்ன ஒரு சொல் திரையில் ஏறி, வயரில் இறங்கி, அந்த நகத்தளவு சில்லுக்குள் போவதைக் கலைமதி இமைக்காமல் பார்த்தாள். ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது.

பிறகு யாருக்கு என்ன நடை என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் நடுவில் இருபது வினாடி. குப்புராஜ் மாமாவுக்குக் கடைசி, களி முடிய வேண்டுமல்லவா? தீர்த்தம்மாள் பெரியம்மா பெட்டிக்கு வந்ததும் கலைமதி சைபர் போடச் சொன்னாள்.

"தூரமா இருக்கிறவங்களுக்குப் போயி நடை சைபராடி?"

"அவங்க நடந்தது போதும்க்கா."

சசிகலா சைபர் போட்டாள்.

திங்கட்கிழமை எல்லோரும் புங்கமரத்தடியில் கூடிவிட்டார்கள். குப்புராஜ் கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்திருந்தார், பெட்டியைக் கழற்றுவதற்கு. கொட்டகைகளில் பல்பு எரிந்தது. பழக்க தோஷத்தில் தீர்த்தம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு சரிவை நோக்கிக் கிளம்பினார். கலைமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்க பெரியம்மா."

தூரத்துச் சரிவில், ஆளே இல்லாத கொட்டகையில் ஒரு மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு முறை செருமிவிட்டு வெள்ளையாகத் தண்ணீரைக் கொட்டியது.

"அது என் மோட்டாரா கண்ணு?" என்று தீர்த்தம்மாள் மெல்லக் கேட்டார். கலைமதி தலையாட்டினாள்.

இருபது வினாடி கழித்து அடுத்த கிணறு. அப்புறம் அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வரப்பு வழியாக நிதானமாக நடந்து, ஒவ்வொரு மோட்டாராகப் போட்டுக்கொண்டே வருவது போல இருந்தது. பெரியநாயகம்கூடப் போனை இறக்கிவிட்டார்.

எட்டு ஓடியாயிற்று. இருபது வினாடி எவ்வளவு நீளம் என்று குப்புராஜுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் மோட்டாரும் உறுமியது. எல்லோரும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்கள். அது சாதுவாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

குப்புராஜ் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, களி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். சசிகலா தங்கையின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

சரிவில் வாய்க்கால் நிரம்பி, தக்காளிப் பாத்திக்குள் தண்ணீர் பளபளவென்று நுழைந்தது. தீர்த்தம்மாள் அதைப் பார்த்தபடியே மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டார்.