தீவில் தொலைந்த பேட்டி

காலை பத்து மணிக்குக் கேமரா உதவியாளர் பெட்டியைத் திறந்தார். மெமரி கார்டைக் காணோம்.

வெறும் பொட்டலாகக் கிடந்த தீவில் மண்சுவரும் சூரிய மின்சாரமுமாக விடுதி கட்டிய முதலாளியின் வாழ்க்கையை அங்கே படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் முடிவில் வரவேண்டிய அவருடைய பேட்டி அந்தக் கார்டில் இருந்தது. இன்னும் பிரதி எடுக்கவில்லை.

அன்று காலை ஏழு மணிக்குக் கேமரா அறையைப் பூட்டியவள், காட்சிக்குக் காட்சி பொருத்தம் பார்க்கும் கன்டினியூட்டி பெண். பழி அவள் தலையில் விழுந்தது. இது அவளுக்கு முதல் படம்.

“மத்தியானப் படகு வர்றதுக்குள்ள கார்டு வரணும். இல்லன்னா அதே படகுல நீ கிளம்பும்மா,” என்றார் இயக்குநர்.

பட்ட காலிலே படும் என்பது போல, பேட்டரியிலும் பாதிகூடச் சார்ஜ் ஏறவில்லை என்று உதவியாளர் புலம்பினார். அவள் எட்டிப் பார்த்தாள். சார்ஜர் செருகியபடியே இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. வெள்ளை சுவிட்சில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

நாமே போட மறந்துவிட்டோமோ? ஊரையே நம்புவாள், தன்னை மட்டும் நம்பமாட்டாள். அதனாலேயே எதையும் படம்பிடித்து வைப்பது அவள் வழக்கம். கைபேசியைத் திறந்தாள். காலையில் அறையைப் பூட்டுமுன் எடுத்த படத்தில் சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாற்றுச் சாவி சமையலறை ஆணியில் எல்லார் கைக்கும் எட்டும்படி தொங்கியது. விசாரித்தாள். தீவில் குடியிருப்பவர்கள் மூன்றே பேர். சமையல்காரர் விடியலிலேயே காய்கறி வாங்கப் படகேறிவிட்டார். முதலாளியின் மனைவி காலையிலிருந்து கதாநாயகிக்குச் சுவர் பூசக் கற்றுக்கொடுக்கிறார். முழங்கை வரை சேறு. முதலாளி தூங்கினாராம்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடியபோது அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

“கார்டை எடுத்தவர் போறப்போ சுவிட்சை அணைச்சிருக்கார். நம்ம ஆளுங்க அதைத் தொட மாட்டாங்க சார், கேமராமேன் கையை ஒடிச்சிடுவார். ரூமை விட்டு வெளிய வந்தா எல்லாத்தையும் அணைக்கிறது தீவுக்காரங்க பழக்கம். சமையல்காரர் இங்க இல்ல. அக்கா கை பட்டிருந்தா சுவிட்ச் சேறாகியிருக்கும்.” குரல் தணிந்தது. “மிச்சம் நீங்கதான் ஐயா.”

முதலாளி, திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு சுவருக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் திட்டம் போட்டவர் மனைவி. பேட்டியிலோ, தனியாளாகக் கட்டினேன் என்று மார்தட்டியிருந்தார். காலையில் மனைவி சேற்றில் நிற்பதைப் பார்த்ததும் உறுத்திவிட்டது. மறுபடி எடுங்கள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

மனைவி வயிறு குலுங்கச் சிரித்தார். “லைட்டை அணைங்க, ஃபேனை அணைங்கன்னு இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறீங்கன்னுல்ல நினைச்சேன்.”

மத்தியானப் படகு காய்கறியை இறக்கிவிட்டு, அவளில்லாமலே திரும்பிப் போனது.

பேட்டிக்கு மறுபடி விளக்கு போட்டார்கள். இந்த முறை இரண்டு நாற்காலிகள். மனைவி அவசரமாகக் குழாயடிக்குப் போனார்.

“கழுவாதீங்க அக்கா,” என்றாள் அவள், கைபேசியை எடுத்துப் பார்க்காமலே. “காலையில சுவர் பூசின அதே கைதான் இதுலயும் இருக்கணும்.”