லின் மாமாவுக்கு வந்த கடிதம்

என் அக்கா நித்யஸ்ரீ எதையும் உடனே நம்ப மாட்டாள். பால்காரர், "தண்ணி கலக்கலைங்க அம்மணி" என்று சொன்னால்கூடச் செம்புக்குள் எட்டிப் பார்ப்பாள். அவள் இப்போது இல்லை. அவளுக்குப் பதினொரு வயதும் எனக்கு எட்டு வயதுமாக இருந்தபோது, 1998இல் நடந்ததைச் சொல்கிறேன்.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் அப்பா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லின் மாமா அங்கே வந்தார். அவர் தைவானிலிருந்து ஒரு மில்லுக்குப் புது எந்திரம் பூட்ட வந்தவர். ஒரு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல்தான்: "நல்லதுங்க."

அவர் கையில் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. ஊரிலிருந்து வந்த உதிரிபாகப் பெட்டிக்குள் அவருடைய மகள் வைத்து அனுப்பியது. அதில் அவள் எழுதிய கடிதம் இருந்தது. லின் மாமா வீட்டில் போன் கிடையாது. ஒரு மாதத்தில் வந்த முதல் சேதியே அதுதான்.

அப்பா ஃப்ளாப்பியைப் போட்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது.

"அந்தப் புள்ள நொண்டி ஆடறதுக்குக் கட்டம் போட்டு அனுப்பியிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு கண்ணு. நம்ம கம்ப்யூட்டர்ல சீன எழுத்து இல்ல."

பக்கத்துக் கடை ரசாக் அண்ணனிடம் ஒரு சிடி வாங்கி வந்து அப்பா ஒரு மணி நேரம் போராடினார். கட்டங்கள் மறைந்தன. வரிவரியாகச் சீன எழுத்துகள் வந்து நின்றன. எனக்கு அப்பாவைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

அப்பா அச்சடித்துக் கொடுத்த தாளை லின் மாமா பார்த்தார், சிரித்தார். "நல்லதுங்க" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"அப்பா, அது சரியில்லீங்க" என்றாள் அக்கா.

"ஏங் கண்ணு, உனக்குச் சீனம் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சித்தி கடுதாசிய அம்மா எத்தனை வாட்டி படிச்சாங்க? இவரு ஒரு வாட்டிகூட முழுசாப் படிக்கலீங்க. நீங்க கஷ்டப்பட்டீங்களேன்னு, தப்பா வந்திருக்குதுன்னு சொல்லாமப் போறாருங்க."

"நம்ம ஊர்க்காரங்களை மிஞ்சுன மரியாதையா இருக்குதே" என்றார் அப்பா.

அதற்குள் அக்கா ஓடிப்போய் லின் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். ஃப்ளாப்பியின் மேல் பேனாவால் இரண்டு எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது எழுத்து, மழைத்துளிகள் ஒட்டிய ஜன்னல் போல இருந்தது.

"உங்க பொண்ணு பேருங்களா?" என்று அதைத் தொட்டுக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"கடுதாசி முடிவுல பேரு போடுவாங்கல்லங்க? இங்க அந்த ஜன்னலைக் காணமுங்களே."

அப்பா கடைசி வரியைப் பார்த்தார். ஜன்னல் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள எழுத்தெல்லாம் வெறும் நம்பரு கண்ணு. எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு சீனாவுல ஒரு பட்டியல், தைவான்ல வேற பட்டியல். நான் சீனாவை அமுக்கிப்போட்டேன்."

தைவானை அமுக்கினார். எழுத்துகள் எல்லாம் மாறின. கடைசி வரியில் மழைத்துளி ஜன்னல் வந்து உட்கார்ந்தது.

லின் மாமா திரையில் மூக்கு படும்படி குனிந்து படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். அக்கா விரல்விட்டு எண்ணி அப்பாவிடம் காட்டினாள்.

திடீரென்று அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையானா ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் புள்ள பெரியம்மா ஊட்டுப் போனுக்குப் பக்கத்துல காத்துக்கிட்டு இருக்குமாம்" என்றார் அப்பா. "அங்க எட்டுன்னா இங்க அஞ்சரை. இன்னும் பத்து நிமிசந்தான், வாங்க."

நால்வரும் போன் பூத்துக்கு ஓடினோம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் லின் மாமா பேசினார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து ரிசீவரை அக்காவிடம் நீட்டினார்.

அக்காவுக்குச் சீனம் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"சாப்புட்டியா கண்ணு?"

மறுமுனையில் ஒரு சிரிப்புச் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"சாப்புட்டாச்சாம்" என்றாள் அக்கா எங்களைப் பார்த்து.