கடைசியாக இறங்குகிறவர்

பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சரிவில் நடந்து கோகுல்ராஜ் அந்த வீட்டை அடைந்தபோது மத்தியானம்தான். வீடு விற்கும்வரை காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மனைவி சுதாராணி போன பிறகு எந்த வேலையும் அவனுக்கு ஒன்றுதான். அவள் மூச்சு நின்றபோது ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே விடவில்லை.

அங்கே சமைக்கும் பாப்பம்மாள் காபி கொடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில் வெள்ளைச் சீருடையில் ஒருவர்.

"கமாண்டர் ஐயாங்க. தண்ணிக்குள்ள போற கப்பலுக்கு அதிகாரி. எழுபத்தொண்ணு சண்டையில மெடல் வாங்குனவரு."

"கடல்காரருக்கு மலையில என்ன சோலி?"

"தண்ணி ஏறாத எடம்னு வந்தாராம். இங்க பனிமஞ்சு ஏறுது, என்ன பண்ண!" சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"முங்குறதுக்கு முன்னால கப்பல் மேல நிக்கிறவங்களை எண்ணி உள்ள எறக்கிட்டு, கடைசியா அதிகாரி எறங்கி மூடியச் சாத்தணுமாம். ஒருநா எதிரி விமானம் வந்துருச்சு. அவசரத்துல எண்ணிக்கை தப்பிப்போச்சு. ஒரு பையன் மேலயே நின்னுட்டான். கப்பல் முங்கிருச்சு."

அதன்பின் பெரிய பதவிகள், ஓய்வு, இந்த மலை. மூடுபனி வரும்போதெல்லாம் கமாண்டர் வாசலில் நிற்பாராம். வேலையாட்கள் எல்லாரும் உள்ளே போன பிறகே தாழ்ப்பாள் போடுவார். போன மார்கழியில் ஒருநாள் அவர் உள்ளே வரவே இல்லை. "இன்னும் ஒருத்தன் பாக்கி" என்றாராம். வாசலிலேயே விறைத்துப் போனார்.

"இப்பவும் மஞ்சு வந்தா, எல்லாரும் உள்ள வந்ததும் தாப்பா தன்னால விழுதுங்க."

ஜன்னல் வெளுத்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி வெள்ளம்போல ஏறி வந்தது. யூகலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக முழுகின.

கதவு திறந்தே கிடந்தது.

தாழ்ப்பாள் விழவில்லை.

பாப்பம்மாள் அவனைப் பார்த்தாள். "கூட யாரையும் கூட்டியாந்தீங்களா, தம்பி?"

மாதக்கணக்கில் மரத்திருந்த நெஞ்சில் ஏதோ அசைந்தது. எழுந்து வாசலுக்குப் போனான்.

"சுதா... உள்ள வா."

ஈரக் கால்கள் படியேறின.

டீசல் வாடை. உப்பு வாடை. சில்லென்ற தோள் ஒன்று அவனை உரசிக்கொண்டு உள்ளே போனது.

"நான்தான் கடைசி, சார்" என்றது ஓர் இளம் ஆண் குரல்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே யாரோ விரல் நுனியால் தட்டினார்கள்.

"ஏங்க... நான் இன்னும் வெளியதான் நிக்கிறேன்."

கோகுல்ராஜ் தாழ்ப்பாளை நோக்கிப் பாய்ந்தான்.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு முதிய கை இருந்தது. அது விடவில்லை.