மார்புக்குள் விருந்தாளி

இருமல் சத்தம் கேட்டபோது அவருடைய வாய் மூடியிருந்தது.

தையல் மிஷினின் மிதியிலிருந்து அவள் காலை எடுத்தாள். வெளியே மழை மூட்டம். மதியமே விளக்குப் போடவேண்டியிருந்த அந்த அறையில் மருந்து வாடையும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து கிடந்தன. கட்டிலில் கணவர் உதடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு இருமல். மெல்லியது, இளசானது, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல.

கல் மெருகேற்றும் பட்டறைத் தூசி அவருடைய நுரையீரலை அரித்துத் தின்றிருந்தது. பதினோரு வருஷம் அந்த இழுப்புச் சத்தத்தைக் காவல் காத்தபடியே அவள் தூங்கினாள். பிறகு அதை எடுத்துவிட்டு, இறந்துபோன வேறு ஒருவருடைய நுரையீரலை வைத்தார்கள். “இளவயசுப் பொண்ணோடதும்மா, பத்திரமா பாத்துக்குங்க” என்று வார்டு நர்ஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் சொன்னது வேறு. “சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. தலைமாடு உயரமா இருக்கணும். வயித்துல இருக்கிற அமிலம் மேல ஏறி, சொட்டுச் சொட்டா நுரையீரலுக்குள்ள இறங்கினா அதை அரிச்சிடும். நரம்பை வெட்டித்தான் வெச்சிருக்கோம். உள்ள எரிஞ்சாலும் இவருக்கு இருமல்கூடச் சரியா வராது. வாய் பேசாத குழந்தை மாதிரி.”

அவளே சரிவான திண்டு ஒன்று தைத்து, பஞ்சை இறுக அடைத்துக் கொடுத்தாள்.

அவர் தினமும் மார்பைத் தடவிக்கொண்டு, “என்ன விருந்தாளி, சௌக்கியமா?” என்பார்.

“இருபது வருஷத்துல என்னை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா?”

“வீட்டுக்காரிய யாராவது சௌக்கியமான்னு கேப்பாங்களா, தையக்காரம்மா?” சிரித்தார். மூச்சு வாங்காமல் சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கொடுத்தவள் வேறொருத்தி.

அன்று திண்டின் தையலை நாலு விரற்கடை பிரித்து ஒரு கைப்பிடி பஞ்சை உருவினாள். மறுநாள் இன்னொரு பிடி. அவரை ஒன்றும் செய்வதாக அவள் நினைக்கவில்லை. உள்ளே சொகுசாகக் குடியிருப்பவளுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும், அவ்வளவுதான். மூச்சின் பலத்தை அளக்க தினமும் காலையில் அவர் ஊதிப் பார்க்கும் கருவியில் எண் இறங்கியது. “விருந்தாளிக்கு நம்ம வீடு ஒத்துக்கல போல” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உதட்டோரச் சிரிப்பு தெரியாமலிருக்க.

இன்று காலை எண் பாதியாக இருந்தது. நாளைக்கே அழைத்துவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாப்பிட்டதும் அவர், “கண்ணை மட்டும் மூடிக்கிறேன்” என்று சாய்ந்தார். அவள் தடுக்கவில்லை.

இப்போது அவர் ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தார். தொண்டைக்குள் ஏதோ கொப்புளித்து அடங்கியது. புளித்த வாடை. எழுப்பி உட்காரவைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மனுஷன் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

“என்னங்க, எந்திரிங்க.”

அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். கனத்தார். தூக்க முடியவில்லை. அவள் காது அவர் நெஞ்சில் பட்டது.

“அக்கா.”

உதடு அசையவில்லை.

“எரியுதுக்கா.”

அவளால் விலகவும் முடியவில்லை.

“நான் வேணும்னு வரலக்கா. என்னைக் கேக்காம கொண்டுவந்து வெச்சாங்க.” குரலில் கோபமில்லை. ரொம்பக் களைத்திருந்தது. “இனிமே நான் எனக்காக மட்டும் மூச்சு விட்டுக்கறேன்.”

அவர் கண் விழித்தார்.

அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. அவளைக் கூப்பிட உதடு குவிந்தது. சத்தமில்லை. நாக்கு துழாவியது. உதடுகள் நீலம் பாய்ந்தன. ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பிசைந்தது.

அவள் தன் உள்ளங்கையை அவர் மூக்கருகே வைத்தாள்.

காற்றே இல்லை.

அவர் கண்கள் பிதுங்கி அவளிடம் கெஞ்சின. அந்தக் கண்களுக்குக் கீழே மார்பு ஏறி இறங்கியது. நிதானமாக. ஆழமாக. நல்ல தூக்கத்திலிருக்கும் ஒரு இளம்பெண்ணின் மார்பைப்போல.