பழசா, புதுசா

அந்த நாதசுர இசைத்தட்டில் தவிலைத் தவிர வேறு தட்டுகிற சத்தம் எதுவும் கிடையாது. முப்பது வருடமாகக் கேட்கிற கமலநாதனுக்கு அது தெரியாதா? ஆனாலும் தவிலுக்குப் பின்னால், பலகையில் ஈரக்கை படுகிற மாதிரி, மூன்று தட்டு கேட்டது.

சிங்கப்பூருக்கு அக்கரையில், பெர்மாஸ் ஜெயா வீட்டில் ஞாயிறு மதியம். வெளியே அடைமழை; ஹாலெல்லாம் சூடேறிய வால்வுகளின் தூசி வாசம். எழுபதுகளின் வால்வு அம்ப்ளிஃபயரா, போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த புது செட்டா, எதன் சத்தம் உசத்தி என்று சோதனை. பார்த்தால் மனசு பழசின் பக்கம் சாய்ந்துவிடும் என்று துண்டால் கண்ணைக் கட்டியிருந்தார். சுவிட்சை மாற்றிப் போட, செத்துப்போன மனைவி சந்திரமதியின் தம்பி சுகுமாறன் வந்திருந்தான்.

"இப்ப எது அத்தான்?"

"பழசு. இனிப்பா இருக்கு பாரு."

"இப்ப?"

"புதுசு. சுத்தமா இருக்கு, ஆனா உயிர் இல்ல."

மறுபடியும் மூன்று தட்டு. இந்தத் தடவை இன்னும் துல்லியமாக.

ஆறு மாதத்துக்கு முன்பு, இதே இசைத்தட்டு ஓடும்போதுதான் சந்திரமதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கதவைத் தட்டினாள். ஒரு பக்கம் முடிகிறவரை நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். "பாட்டு முடியட்டும்" என்று கத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பதினெட்டு நிமிடம். பாட்டுச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் அழுதார். சுகுமாறன் அதை நம்பித்தான் இன்னும் இந்த வீட்டுக்கு வருகிறான். வேறு யாரும் வருவதில்லை.

தட்டு. தட்டு. தட்டு.

"மாப்ள, நீதான் பாத்ரூம் கதவ தட்டுறியா? விளையாடாத லா."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"நான் உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்," என்றான் சுகுமாறன். "அந்தக் கதவ தட்டுனா இங்க கேக்குமா அத்தான்? அப்ப அன்னிக்கு?"

கமலநாதன் குளியலறைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எந்த செட்டுல கேக்குது?" சுகுமாறன் விடவில்லை.

"ரெண்டுலயும்..."

"ரெண்டையும் அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

காலடி விலகியது. வாசல் கேட் அறைந்து மூடியது. கார் கிளம்பிப் போயிற்று.

நாதசுரம் நிற்கவில்லை.

துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். முடிச்சின் மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ஈரமாக. சில்லென்று. சந்தன சோப்பு வாசம்.

முடிச்சு இறுகியது. இன்னும் இறுகியது. கண்கள் உள்ளே அழுந்தின.

"மாப்ள!"

காதோரம், பொறுமையாக, அவள் சொன்னாள்:

"பாட்டு முடியட்டுங்க."