உள்கைப்பிடி

கதவு ரெக்சினில் நான்கு கீறல்கள் இருந்தன.

முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கதிர்காமநாதன் விரலால் தட்டிவிட்டார். போகவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, காரின் இடப்பக்கச் சீட்டில் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். கதவின் உட்பக்கத்தில், திறக்கிற கைப்பிடி பூட்ட வேண்டிய இடத்தில், வெறும் இரும்புத் தண்டு மட்டும் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித்தான் கீறல்கள், பிறை பிறையாக. மெல்பேர்னில் ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில் இருபத்துநாலு வருஷம் உறை பிரிக்காமல் கிடந்த அசல் ரெக்சின் அது. போன ஞாயிறுதான் ஒட்டியிருந்தார்.

ராகவிதான். வேறு யார்.

ஏழு வயது மகள் குசினி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, காருக்குள்ள ஏறினனியே?"

"நோ, அப்பா."

"பொய் சொல்லப்படாது. கையைக் காட்டு."

நீட்டினாள். பத்து விரலிலும் நகம் என்று ஒன்று இல்லை. கடித்துக் கடித்துச் சதை மட்டும் மொழுமொழு என்று தெரிந்தது. மனைவி யோகராணி வேப்பெண்ணெய் பூசியும் பார்த்துவிட்டாள், பழக்கம் நிற்கவில்லை.

"யூ ப்ராமிஸ்ட், அப்பா. பேக் சீட். சாட்டர்டே."

"ஓம், ஓம். சனிக்கிழமை கார் ஷோவுக்குப் பின் சீட்டில இருந்து வரலாம். அதுவரைக்கும் கராஜ் பக்கம் தலை காட்டப்படாது."

திரும்பிப் போய்க் கீறல்களின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். அவர் கை சின்னக் கை இல்லை. விரல்களை முடிந்த மட்டும் விரித்தும் முதல் கீறலிலிருந்து நான்காவது எட்டவில்லை.

கராஜுக்குப் பூட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தார். கை கழுவினார். திரும்ப வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலம். ரானுயி என்ற அந்தப் புறநகரில் அஞ்சரைக்கே இருட்டிவிடும். வேலை விட்டு வந்து சட்டை மாற்றுவதற்குள் மழை தொடங்கும், தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்துக்குக் கீழே டியூப் லைட் இரைய, தின்னர் வாசமும் ஈரச் சீமெந்து வாசமும் கலந்து மூக்கில் ஏற, பத்து மணி வரைக்கும் அவர் அந்தக் காரோடுதான். எழுபத்திரண்டில் ஆஸ்திரேலியாவில் செய்த இரண்டு கதவு வி எய்ட் எஞ்சின் கார். ஆரஞ்சு நிறம். யாழ்ப்பாணத்தில் சொந்தக் கராஜ் வைத்திருந்த மனிதர் இங்கே, நசுங்கிய காரை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிற பேனல் ஷொப்பில், எட்டு வருஷமாக மற்றவன் காருக்கு உப்புத்தாள் போடுகிறார். ஷொப்பில் அவருக்குப் பெயர் நேதன். முழு வேலை ஒன்றையும் அவர் கையில் கொடுத்ததில்லை. சனிக்கிழமை கார் கிளப் ஷோவில் 'ஒரிஜினல்' பிரிவில் இந்தக் காரை நிறுத்திவிட்டால் ஒருத்தனும் பிறகு உப்புத்தாளை நீட்டமாட்டான்.

ஒரிஜினல் என்றால் புதிது என்று அர்த்தம் இல்லை. ஃபாக்டரியை விட்டு வெளியே வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. அடியில் பெயின்ட் வழிந்திருந்தால் வழிந்தபடி. இன்ஸ்பெக்டர் மஞ்சள் சோக்கால் கோடு போட்டிருந்தால் அதே இடத்தில் அதே கோடு. பிறகு வந்தவன் சேர்த்ததெல்லாம் போக வேண்டும், கழற்றியதெல்லாம் திரும்ப வர வேண்டும்.

முன்பு வைத்திருந்தவர் நல்லசாமி, நகரத்தின் வேறொரு புறநகரான சான்ட்ரிங்ஹாமில் இருந்த மலேசியத் தமிழர். அவர் இறந்த பிறகு மனைவியிடமிருந்து கதிர்காமநாதன் வாங்கினார். பதினொரு வருஷம் ஓடாமல் நின்ற கார். அந்த மனிதர் ஏனோ ஒவ்வொன்றாகக் கழற்றியிருந்தார். பின் சீட்டைக் கழற்றிப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார். உள்ளே இருந்து பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பேப்பரில் பொதிந்து வைத்திருந்தார். இடது கதவின் உள்கைப்பிடியைக் காணவே இல்லை. சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். டாஷ்போர்டுக்குக் கீழே, மூன்று ஸ்குரூ போட்டு, மஞ்சள் கயிறு சுற்றிய ஒரு செப்புத் தகடு.

பார்த்த உடனேயே அவருக்குத் தெரியும் அது என்னவென்று. அவருடைய கராஜுக்கு வந்த லொறிகளில் இப்படி எத்தனையைப் பார்த்திருக்கிறார். கை வைக்காமல் பக்கத்து வயரை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

போன மாதம் கழற்றினார். மூன்று ஓட்டையையும் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தார்.

"இஞ்சேருங்கோ, உந்தத் தகட்டை ஏன் கழட்டினனீங்கள்?" யோகராணி பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த தகட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஃபாக்டரியில தகடு கட்டியே விட்டவங்கள்?"

"ஆரோ என்னத்துக்கோ கட்டியிருக்கினம்."

"பிழையாக் கட்டியிருக்கினம். ஓட்டைக்குப் பத்துப் பொயின்ட் குறைப்பாங்கள்."

"பெரிய பொயின்ட். சோதினை எழுதப் போறார்," என்றாள் அவள். ஆனால் டின்னை மூடும்போது நெற்றியில் கையை வைத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு பின் சீட்டைப் பொருத்திப் பூட்டினார். இரண்டு நாளில் அதன் இடது பக்கம் குழிந்தது. புது ஸ்பொஞ்ச் அமர்கிறது என்று நினைத்து நீராவி பிடித்து நிமிர்த்தினார். அடுத்த நாள் திரும்பவும் குழி. கையை வைத்தார். இளஞ்சூடு. காருக்குள் ஒரு வாசம் வந்திருந்தது, வெள்ளிக்கிழமை மூடிய பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியைத் திங்கட்கிழமை திறந்தால் வருமே, அது. பிறகு கண்ணாடியைப் பூட்டினார். ஸ்டியரிங்கில் இருந்து நிமிர்ந்து அதைச் சரி செய்தார், பின் கண்ணாடி முழுதாகத் தெரியும்படி. இறங்கிச் சுற்றிவந்து திரும்ப ஏறும்போது அது இடது மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஸ்குரூ லூஸ் என்று இறுக்கினார். மூன்று முறை இறுக்கினார்.

இப்போது கீறல்.

புதன்கிழமை கிளப்பிலிருந்து கிரஹாம் வந்தான். ஷோவில் பொயின்ட் போடுகிறவர்களில் ஒருத்தன், நல்ல மனிதன். டோர்ச்சோடு காருக்கு அடியில் புகுந்து, அரை மணி நேரம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். "குட் அஸ் கோல்ட், நேதன்," என்றான். பெருமையில் கதிர்காமநாதன் ஏற்கெனவே பளபளத்த பொனட்டை இன்னொரு முறை துடைத்தார். பிறகு கிரஹாம் இடது கதவைப் பார்த்தான். உள்ளே இருந்து திறக்காத கார் அந்தப் பிரிவில் நிற்கவே முடியாது என்றான். கீறலையும் பார்த்தான். "நாய் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டான்.

வியாழன் மாலை சான்ட்ரிங்ஹாம் போனார். நல்லசாமியின் மனைவி பங்கஜம் அம்மா கதவைச் சங்கிலியோடு திறந்து, ஆளைப் பார்த்த பிறகு சங்கிலியை எடுத்தார்.

"கைப்பிடி எதுக்குத் தம்பி? வெளிய இருந்துதான் தொறக்குதே."

"உள்ளுக்கிருந்தும் திறக்கோணும் அம்மா. ஃபாக்டரியில அப்பிடித்தான் விட்டவங்கள்."

"ஃபாக்டரியில விட்டப்போ உள்ள யாரும் இல்ல."

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு மைலோ டின்னோடு வந்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"அவரு சும்மா கழட்டல. மொதல்ல சீட்டு. உக்காராம இருக்கும்னு பாத்தாரு. அப்புறம் கண்ணாடி. கடைசியா இது. உள்ள இருந்து தொறந்தாத்தான் அதால எறங்க முடியும். இதக் கழட்டி, தகடு கட்டுன அன்னிக்குத்தான் மனுசன் தூங்குனாரு." டின்னை மேசையில் வைத்தார். "தகட எடுத்துடலையே?"

"இல்லை," என்றார் கதிர்காமநாதன். பொய் தானாக வந்தது. எப்படி வந்தது என்று வழி முழுக்க யோசித்தார்.

"சின்னப் புள்ள இருக்கா வீட்டுல?"

"ஒரு மகள்."

அம்மாவின் கை டின்னைத் தன் பக்கம் இழுத்தது. ஆனால் அதற்குள் அவருடைய கை அதன் மேல் இருந்தது.

வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது, மோட்டர்வேயில், பக்கத்துச் சீட்டில் டின் கடகடத்தது. பாதை ஏற்ற இறக்கம் இல்லாத இடத்திலும் கடகடத்தது. ரேடியோவைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை. கைப்பிடியைத் துடைத்து வேலை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். சாப்பிட்டார். எழும்பிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நியூஸ் பார்த்தார். காதில் விழவில்லை. கராஜ் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்ல ஒரு சத்தம். இரும்பில் நகம் சறுக்குகிற மாதிரி. ஒரு சறுக்கல். நிற்கும். இன்னொன்று.

"எலி," என்றார்.

"எலியெண்டால் ஏன் உங்களுக்கு முகம் வேர்க்குது?" யோகராணி டி.வி.யை நிறுத்தினாள். "தகட்டைத் திருப்பிப் பூட்டுங்கோ. பிள்ளை ஏறப்போற கார்."

"நாளைக்கு ஷோ முடியட்டும். பின்னேரமே பூட்டுறன். ஒரு நாள், ராணி. ஒரே ஒரு நாள்."

"அந்த ஒரு நாளிலதான் அவள் ஏறப்போறாள்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்கு நடந்தார். கிரஹாமின் டோர்ச் வெளிச்சம்தான் மனதில் நின்றது.

காருக்குள் சத்தம் நின்றிருந்தது. அவர் வந்ததும் நின்றது. சீட்டில் முழங்காலை ஊன்றி, தண்டின் பல்லுக்கு நேராகக் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். ஏறியது. ஸ்குரூவை இறுக்கினார். திறந்து பார்க்கக் கையை வைத்தார்.

அவர் திருப்பவில்லை.

அது தானாகத் திரும்பியது. கொஞ்சம்தான். ஒரு பாத்திரத்தின் மறு காதை இன்னொரு ஆள் பிடிக்கிற மாதிரி. கழுத்துக்குப் பின்னால் அந்தச் சாப்பாட்டுப் பெட்டி வாசம். சூடாக.

இறங்கினார். கதவை அடித்துச் சாத்தினார். கராஜைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். அரை மணி நேரம் மழையில் நின்று கேட்டார். ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாக ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குத்தான் ஏதோ குறை இருந்திருக்கிறது, இப்போது சரி. அப்படித்தான் நினைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

காலை ஆறரை. வெளியே இன்னும் இருட்டு. குசினியில் வெளிச்சம். ராகவி தலை வாரி, ஜம்பர் போட்டு, மேசையில் இருந்தாள். கோப்பை காலி.

"இண்டைக்குப் புதினம். கூப்பிட முன்னமே எழும்பி வந்து நிக்கிறாள்," என்றாள் யோகராணி.

"என்ன பிள்ளை, வெளிக்கிடுவமே?"

"ஆமாப்பா. போலாம்."

யோகராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேட்டனீங்களே? தமிழ்! ஆமாவாம். பள்ளிக்கூடத்தில இந்தியப் பிள்ளையளோட சேர்ந்து பழகிட்டாள்."

கதிர்காமநாதனும் சிரித்தார். மகளின் தலையைத் தடவினார். முடி ஈரமாக இருந்தது. சிரித்தபடியே கராஜுக்குப் போனார்.

பூட்டு, பூட்டியபடி. லைட்டைப் போட்டார்.

இடது கதவு சாத்தியிருந்தது. அதற்கு வெளியே, சீமெந்துத் தரையில், ஒரு துணி விரித்திருந்தது. துணியில் உள்கைப்பிடி. பக்கத்தில் ஸ்குரூ. பக்கத்தில் வொஷர். இடமிருந்து வலமாக, அவர் பாகம் கழற்றினால் அடுக்குகிற ஒழுங்கில்.

கதவுக் கண்ணாடியில் உள்ளே இருந்து ஆவி படிந்திருந்தது. கீழே. மிகக் கீழே.

திறந்தார். யாரும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி வாசம் போயிருந்தது. ராகவிக்குப் போடுகிற ஜோன்சன்ஸ் ஷாம்பு மணத்தது. பின் சீட்டில் ஒரு குழி. சின்னக் குழி. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு.

தண்டைச் சுற்றி ரெக்சினைப் பார்த்தார். பழைய கீறல்கள். அவற்றுக்குக் கீழே புதிது. கீறல் இல்லை. தேய்ப்பு. மொழுமொழு என்ற சின்ன விரல் நுனிகள் தேய்த்த ஈரம். இளஞ்சிவப்பு.

இன்னொரு விரல் தடம் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிந்தது.

"பிள்ளை," என்றார். ரெக்சினில் உள்ளங்கையை வைத்தார். "பிள்ளை, அப்பா திறக்கிறன். பொறு. பொறு."

கைப்பிடியை எடுத்தார். தண்டில் வைத்தார். வழுகியது. ஸ்குரூ விரலில் நிற்கவில்லை. விழுந்தது. உருண்டது. தேடினார்.

பின்னால் தரையில் ஏதோ தகரம் உரசி வந்தது. அவர் முழங்காலில் முட்டி நின்றது. பிஸ்கட் டின். மூடி திறந்திருந்தது. உள்ளே செப்புத் தகடு, மஞ்சள் கயிறு, மூன்று ஸ்குரூ.

கராஜ் வாசலில் ராகவி. டின்னைக் கையால் தொடவில்லை. காலால் தள்ளியிருந்தாள். கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்களில் நகம் இருந்தது. நீளமாக. வெள்ளையாக.

"இத மொதல்ல இருந்த எடத்துலயே பூட்டிடுங்கப்பா," என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து யோகராணி, தேத்தண்ணி ஆறுது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று கூப்பிட்டாள்.

ரெக்சினில் இன்னொரு சின்ன விரல் தடம் பதிந்தது. பிறகு இன்னொன்று. வேகமாக.